பெயர் தெரியாத ஜொரம்

என் தாய்மாமாவுக்கு அந்த ஜொரம் வந்தது 1979 கார்த்திகையில். கோமுகி அணைக்குக் கீழே, கல்வராயன் மலையடிவாரத்தில் எங்கள் ஊர். கரும்பு வெட்டி, வெல்ல ஆலை ஓடிக்கொண்டிருந்த நேரம். ராத்திரிக் காவலுக்குப் போகும் மாமா, ஆலைக்குப் பக்கத்திலேயே கரும்புத் தோகையைப் பரப்பிப் படுத்துக்கொள்வார். ஜொரம் வந்ததும் முதலில் மிளகுக் கஷாயம் கொடுத்தார்கள். அப்புறம் பூசாரி வந்து வேப்பிலை அடித்து விபூதி போட்டார். ஆறாம் நாள் கண் சிவந்து, பக்கத்தில் இருப்பவர்களை அடையாளம் தெரியாமல் பிதற்ற ஆரம்பித்தபோதுதான் மாட்டு வண்டி கட்டிக் கள்ளக்குறிச்சிக்குப் புறப்பட்டோம்.

வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால் மாமாவின் அம்மா, என் ஆயா, வெந்நீரில் துணியை நனைத்து மாமாவின் உடம்பு முழுவதையும் துடைத்துவிட்டார். அரைஞாண் கயிற்றுக்குக் கீழே கறுப்பாக ஒரு பொருக்கு இருந்தது. தொட்டால் வலியில்லை, சீழும் இல்லை. "கயிறு ஒரசிப் புண்ணாயிருக்கு" என்று ஆயா அதன்மேல் தேங்காய் எண்ணெய் தடவினார். டாக்டரிடம் அதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அன்றைக்கு எங்கள் பக்கத்தில் அதை வைத்து நோயைச் சொல்லக்கூடியவர் யாரும் இருந்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

டாக்டர் நாக்கைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், "டைபாய்டு, மூணு வாரம் ஆகும்" என்றார். அந்தக் காலத்தில் ஒரு வாரத்துக்கு மேல் நீடித்த ஜொரம் எல்லாமே டைபாய்டுதான், டைபாய்டு என்றால் மருந்து குளோரோமைசெட்டின்தான். ஆறு மணி நேரத்துக்கு ஒரு கேப்ஸ்யூல், அரிசிக் கஞ்சி, பிரெட். இரண்டாம் நாள் சாயங்காலமே மாமாவுக்கு ஜொரம் இறங்கிவிட்டது. மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து சோறு கேட்டார். "இவ்ளோ சீக்கிரம் எறங்காதே!" என்று டாக்டரே வியந்தார். எங்களுக்கோ கைராசிக்கார டாக்டர் கிடைத்துவிட்டார் என்ற சந்தோஷம். அடுத்த பொங்கலுக்கு அவர் வீட்டுக்கு ஒரு குடம் வெல்லம் போயிற்று.

பிற்பாடு நான் ஆய்வக நுட்புநர் படிப்புப் படித்து, அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலைக்குச் சேர்ந்தேன். ரத்தம், சளி, சிறுநீர் என்று பணிக்காலம் முழுவதும் மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் கழிந்தது. டாக்டரின் அன்றைய வியப்புக்கு என்ன காரணம் என்பது எனக்கு விளங்க ஏறத்தாழ கால் நூற்றாண்டு பிடித்தது. டைபாய்டுக்குக் குளோராம்பெனிக்கால் (குளோரோமைசெட்டின் அதன் வணிகப் பெயர்) கொடுத்தால் ஜொரம் இறங்க மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். ஒன்றிரண்டு நாளில் இறங்குகிற ஜொரம் ஒன்று உண்டு. அதன் பெயர் ஸ்க்ரப் டைஃபஸ். செய்தித்தாள்கள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகின்றன. கரும்புத் தோகைப் படுக்கை, பிதற்றல், இடுப்பில் வலியில்லாத கறுப்புப் பொருக்கு, இரண்டே நாளில் குணம் ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்தால் மாமாவுக்கு வந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நம்புகிறேன். அவருக்கு வைத்த பெயர் தவறு, கொடுத்த மருந்து சரி.

அந்த நாளில் நோயைத் தேடிக்கொண்டு ஆள் வீட்டுக்கே வருவார். மலேரியா ஒர்க்கர் சைக்கிளில் வந்து, வீட்டுச் சுவரில் தேதி எழுதி, "யாருக்காவது ஜொரமா?" என்று கேட்பார். இருந்தால் விரலைக் குத்தி ஸ்லைடில் ரத்தம் எடுத்து, குளோரோகுயின் மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போவார். அந்த ஸ்லைடுகள் கட்டுக்கட்டாக என் மேசைக்கு வரும். சாயம் ஏற்றிப் பார்ப்பேன். மலேரியா கிருமி இருந்தால் உண்டு என்று எழுதுவேன். பெரும்பாலானவற்றில் எதுவும் இருக்காது. இல்லை என்று எழுதிய ஒவ்வொரு ஸ்லைடுக்குப் பின்னாலும் ஜொரம் அடிக்கும் ஓர் ஆள் இருந்தார். அவருக்கு என்ன ஜொரம் என்று சொல்ல அந்தப் படிவத்தில் இடம் கிடையாது.

அடுத்தது வைடால். 1896இல் பிரான்சில் கண்டுபிடித்த பரிசோதனை. நோயாளியின் சீரத்தை டைபாய்டுக் கிருமிக் கரைசலோடு கலந்து, திரள்கிறதா என்று பார்ப்பது. டைபாய்டு புழங்கும் ஊர்களில் ஆரோக்கியமாக இருப்பவர் ரத்தத்திலும் அந்த எதிர்ப்புப் பொருள் கொஞ்சம் இருக்கும். ஆகவே ஒரே ஒரு தடவை எடுத்த வைடாலை நம்பி டைபாய்டு என்று சொல்லிவிட முடியாது. என்றாலும் 1:80, 1:160 என்று எண் போட்ட சீட்டு கைக்கு வந்ததும் எல்லோருக்கும் நிம்மதி. டாக்டருக்கு ஒரு பெயர் கிடைக்கிறது, நோயாளி வீட்டாருக்கு ஒரு பதில் கிடைக்கிறது. அந்தச் சீட்டுகளை மஞ்சப்பையில் வருஷக்கணக்காகப் பத்திரப்படுத்தி வைத்திருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

இதற்கிடையே மருந்து மாறியது. 1972இலேயே கோழிக்கோட்டில் குளோராம்பெனிக்காலுக்கு மசியாத டைபாய்டு பரவியிருந்தது. 1990 வாக்கில் நாட்டின் பல பகுதிகளில் அதே நிலைமை. எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கும் என்ற பயமும் அந்த மருந்துக்கு இருந்ததால் டாக்டர்கள் அதைக் கைவிட்டார்கள், அது நியாயமும்கூட. முதலில் சிப்ரோஃப்ளாக்சசின் வந்தது, பிறகு செஃப்ட்ரியாக்சோன் ஊசி. டைபாய்டுக்கு அருமையான மருந்து அந்த ஊசி. ஆனால் ஸ்க்ரப் டைஃபஸ் கிருமி நம் உடம்பின் செல்லுக்குள்ளேயே குடியிருந்து பெருகுவது. பென்சிலின் வகையும் செஃப்ட்ரியாக்சோன் வகையும் அதை ஒன்றும் செய்வதில்லை. குளோராம்பெனிக்காலும் டெட்ராசைக்கிளினும் புழக்கத்தில் இருந்தவரை, டைபாய்டு என்று நினைத்துக் கொடுத்த மருந்தே இந்த நோயையும் ஆள் அறியாமல் தீர்த்துக்கொண்டிருந்தது. அவை போனதும் அந்தக் காப்பும் போயிற்று. 2000க்குப் பிறகு இந்த நோய் திடீரென்று தலைதூக்கியதுபோலத் தெரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று மருத்துவ ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

என் மாமாவின் மகன் இறந்தது 2006 மார்கழியில். முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. அவனும் கரும்பு வெட்டப் போனவன்தான். அப்பாவுக்கு மாட்டு வண்டி என்றால் மகனுக்குக் கார். அப்பாவுக்கு வாய்வழிக் கேப்ஸ்யூல், மகனுக்கு நரம்பில் ஏறும் செஃப்ட்ரியாக்சோன். ஸ்கேன் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், வைடால் 1:160 என்று வந்தது. ஊசி போடப் போட ஜொரம் இறங்கவே இல்லை. ஒன்பதாம் நாள் மூச்சு இரைத்தது. பெரிய ஊருக்குக் கொண்டுபோகும் வழியில் போய்விட்டான். நான் அப்போது வேறு மாவட்டத்தில் வேலையில் இருந்தேன், காரியத்துக்குத்தான் வந்து சேர்ந்தேன். அத்தை திண்ணையில் உட்கார்ந்து, உடம்பைக் குளிப்பாட்டியபோது கண்டதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: "அக்குள்ள கறுப்பா ஒரு காஞ்ச புண்ணு இருந்துச்சி ராசா. அது எப்ப வந்துச்சின்னே எனக்குத் தெரியல. எங்கிட்ட சொல்லவே இல்ல அவன்."

ரத்தம் எதுவும் எடுத்து வைக்கவில்லை, அதனால் நிரூபிக்க முடியாது. அவனைப் பார்த்த டாக்டரையும் நான் குறை சொல்ல மாட்டேன், எங்கள் பக்கத்து டாக்டர்கள் அன்று எல்லோரும் செய்ததைத்தான் அவரும் செய்தார். ஒன்றும் தெரியாத காலத்தில் அப்பா பிழைத்தார், அத்தனை கருவிகளும் இருந்த காலத்தில் மகன் போய்விட்டான் என்பதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. இதை எழுதுவதும் அதனால்தான்.

இத்தனைக்கும் இது புதிய நோயே அல்ல. 1920களில் மலேயாவின் செம்பனைத் தோட்டங்களில் கூலிகள் இந்த ஜொரத்தில் விழுந்தபோது, கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் இதைப் பிரித்து அடையாளம் கண்டார்கள். மலேயாத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்த மாவட்டங்களில் எங்கள் பழைய தென்னாற்காடும் ஒன்று. கள்ளக்குறிச்சி அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. இந்த நோயாளிகளின் சீரம், நோய்க்குச் சம்பந்தமே இல்லாத புரோட்டியஸ் என்ற பாக்டீரியாவின் ஒரு வகையைத் திரளச் செய்தது. அந்த வகையை மலேயாவுக்குக் கொண்டுவந்தவர் பெயர் கிங்ஸ்பரி. ஆகவே அந்தப் பரிசோதனைக் கரைசலுக்கு ஓ.எக்ஸ்.கே. என்று பெயர், கடைசி எழுத்து அவருடையது. இரண்டாம் உலகப் போரில் அசாம், பர்மா முனையில் ஏராளமான சிப்பாய்கள் இதே ஜொரத்தில் விழுந்தார்கள். 1948இல் ஜோசப் ஸ்மேடல் என்ற அமெரிக்கர் தலைமையிலான குழு அதே கோலாலம்பூரில் குளோராம்பெனிக்காலைக் கொடுத்துக் குணப்படுத்திக் காட்டியது. நோயும் தெரியும், சோதனையும் உண்டு, மருந்தும் உண்டு. போர் முடிந்து காலம் போகப் போக இது காட்டுப் பட்டாளத்தின் நோய் என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. நம் வயல் வரப்பில் இருக்கும் என்று யாரும் தேடவில்லை.

தேடியவர்கள் வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள். 2001 கடைசியிலும் 2002 தொடக்கத்திலும், குளிர் மாதங்களில், காரணம் பிடிபடாத கடும் ஜொரத்தோடு வந்தவர்களைச் சோதித்து, இது ஸ்க்ரப் டைஃபஸ் என்று எழுதி வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு பார்க்கப் பார்க்க எங்கும் தென்பட்டது: வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம், புதுச்சேரி. எங்கள் பக்கத்திலிருந்து ஜிப்மருக்குப் போய்ப் பிழைத்து வந்தவர்களின் டிஸ்சார்ஜ் சீட்டில் அந்தப் பெயரை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு மாமாவின் அரைஞாண் கயிறும் அவர் மகனின் அக்குளும் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

கிருமியைச் சுமப்பது மாட்டு உண்ணி அல்ல. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு. எலி, மூஞ்சூறு உடம்பில் ஒட்டி வாழ்வது. புல், புதர், வரப்பு, கரும்புக் கொல்லை, காடும் வயலும் சேரும் ஓரம் எல்லாம் அதன் இடம். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, குஞ்சாக இருக்கும்போது மட்டும், ஏதாவது ஓர் உடம்பில் ஒட்டிச் சாப்பிடும். அந்த உடம்பு நம்முடையதாக இருந்துவிட்டால் கிருமி நமக்கு வருகிறது. கடித்தது தெரியாது. துணி இறுக்கமாக இருக்கும் இடமாக, மடிப்பும் ஈரமும் உள்ள இடமாகப் போய்க் கடிக்கும்: இடுப்பு, தொடையிடுக்கு, அக்குள், மார்பின் கீழ். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத் தலைவலியோடு ஜொரம். கடித்த இடத்தில், எல்லோருக்கும் இல்லாவிட்டாலும் பலருக்கு, சிகரெட்டால் சுட்டதுபோல வட்டமாக, ஓரம் சிவந்து நடுவில் கறுத்த பொருக்கு. கவனிக்காமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. தடுப்பூசி இன்னும் இல்லை.

இப்போது எங்களுக்குத் தனி மாவட்டம், 2019 நவம்பரிலிருந்து. சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி, 2022 ஜனவரியில் திறந்தார்கள். ஸ்க்ரப் டைஃபஸுக்கு எலிசா பரிசோதனை இருக்கிறது. நான் வேலையில் இருந்தபோது ஓ.எக்ஸ்.கே. கரைசலைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். 2015இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வெளியிட்ட வழிகாட்டுதல், ஐந்து நாளோ அதற்கு மேலோ காரணம் தெரியாமல் நீடிக்கும் ஜொரத்தில் இந்த நோயைச் சந்தேகிக்கச் சொல்கிறது, சந்தேகம் வந்தால் சோதனை முடிவுக்குக் காத்திராமல் டாக்சிசைக்கிளின் கொடுக்கவும் சொல்கிறது. எலிசாவில் தெரியும் எதிர்ப்புப் பொருள் உடம்பில் உருவாக ஒரு வாரம் போல ஆகும் என்பதால் காத்திருப்பது ஆபத்து. கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். டாக்சிசைக்கிளின் கடையில் வாங்கினாலும் மலிவான மாத்திரை, அரசு மருத்துவமனையில் இலவசம். டாக்டர் சொல்லித்தான் சாப்பிட வேண்டும், ஆனால் காசில்லை என்று எவரும் சாக வேண்டியதில்லை. முற்றிய நிலையில் வருபவர்களுக்கு இந்த இரண்டு மருந்தையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பதே மேல் என்று வேலூர் டாக்டர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023இல் வந்தது. ஏதாவது ஒரு மருந்து மட்டும் கொடுத்தவர்களில் நூற்றுக்கு 47, 48 பேருக்குச் சாவோ தீராத சிக்கலோ விடாத ஜொரமோ நேர்ந்தது. இரண்டும் சேர்த்துக் கொடுத்தவர்களில் அது 33 பேராகக் குறைந்தது. உலகம் முழுவதும் பின்பற்றத் தகுந்த அறிவு நம் பக்கத்து ஊரிலிருந்து புறப்பட்டிருக்கிறது என்பதில் எனக்கு நிறையப் பெருமை.

பிறகு எங்கே இடிக்கிறது? ஜொரம் என்று ஓர் ஆள் வருகிறார். ரத்தம் எடுக்கிறார்கள். பிளேட்லெட் குறைந்திருக்கிறது. உடனே குடும்பத்தில் எல்லோர் வாயிலும் டெங்கு. பிளேட்லெட் என்ற சொல் இன்று எங்கள் ஊர்க் கிழவிகளுக்கும் மனப்பாடம். காலையில் எவ்வளவு, மாலையில் எவ்வளவு என்று போனில் விசாரிக்கிறார்கள், பப்பாளி இலைச் சாறு பிழிகிறார்கள். ஸ்க்ரப் டைஃபஸிலும் பிளேட்லெட் குறையும் என்பது பலருக்குத் தெரியாது. இத்தனை சோதனைக்கு நடுவில் சட்டையைக் கழற்றச் சொல்லி அக்குளைப் பார்க்கிறவர் எத்தனை பேர்? வெளிநோயாளர் வரிசை வாசல்வரை நிற்கும்போது ஓர் ஆளுக்கு இரண்டு நிமிஷம்கூடக் கிடைப்பதில்லை. டாக்டர்களின் பாடு எனக்குத் தெரியும். பெண்களின் நிலைமை இன்னும் சிக்கல். மார்பின் கீழே, தொடையிடுக்கில் இருக்கும் பொருக்கை ஆண் டாக்டரிடம் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், அவரும் கேட்கத் தயங்குவார். ஒரு நர்சை அழைத்துத் திரைக்குப் பின்னால் பார்க்கச் சொன்னால் முடிந்துபோகிற வேலை அது. நோயின் பெயர் தெரியாத ஆயா, பிள்ளை பெற்ற வயதில் இருந்த தன் மகனின் உடம்பை முழுவதும் துடைத்தார். அவர் கண்ணுக்கு அது தப்பவில்லை. பெயர் தெரிந்த நாங்கள் உடம்பைப் பார்ப்பதை விட்டுவிட்டோம்.

சிறுவங்கூரில் பயிற்சிக்கு வந்திருந்த ஓர் இளம் பெண் டாக்டரை ஒரு மழைக்கால வார்டில் பார்த்தேன். ஜொரத்தோடு படுத்திருந்த ஒவ்வொருவரையும் தலையிலிருந்து கால்வரை, காதுமடலுக்குப் பின்னால்கூட விடாமல் பார்த்துக்கொண்டு வந்தார். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். "புரொபசர் திட்டுவார் சார்" என்றார். அந்தப் புரொபசர் யாரோ, அவர் நன்றாக இருக்க வேண்டும்.

வட தமிழ்நாட்டில் 37 கிராமங்களில், ஏறத்தாழ முப்பத்திரண்டாயிரம் பேரை இரண்டு வருஷம் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு அண்மையில் வந்திருக்கிறது. ஜொரம் வந்து சோதித்தவர்களில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு ஸ்க்ரப் டைஃபஸ். நான் ஒன்றுமில்லை என்று எழுதி அனுப்பிய பழைய ஸ்லைடுகளை நினைத்துப் பார்க்கிறேன்.

மலைமேல் நிலைமை இன்னும் கடினம். கல்வராயன் மலை 1976வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. அங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்கள் கூலியில்லாமல் அவர்களுக்கு உழைத்தார்கள். அரசாங்கம் என்ற ஒன்று மலை ஏறி இன்னும் ஐம்பது வருஷம்தான் ஆகிறது. வெள்ளிமலையில் மருத்துவமனை உண்டு, 108 உண்டு. ஆனால் வண்டி போகாத குக்கிராமங்களிலிருந்து தொட்டில் கட்டித் தூக்கி வரும் காட்சி முற்றிலும் ஒழியவில்லை. ஐந்தாம் நாள் தர வேண்டிய மாத்திரை அங்கே எட்டாம் நாள், பத்தாம் நாள்தான் வாய்க்குப் போகிறது. மலைக்காரர்கள் சாமை, மரவள்ளி விளைவிக்கிறவர்கள், கடுக்காய் பொறுக்குகிறவர்கள், விறகு சேர்க்கிறவர்கள். பருவத்துக்குக் கீழே இறங்கி வந்து கரும்பும் வெட்டுகிறார்கள். நோய் வரும் இடம் எதுவோ அதுதான் அவர்களுக்குப் பிழைப்பு.

ஓய்வுக்குப் பிறகு முடிந்தபோதெல்லாம் வெள்ளிமலைச் சந்தைக்குப் போகிறேன். சந்தை கலையும் நேரத்தில் மரத்தடியில் உட்காரும் பெண்களிடம் இதைப் பேசுகிறேன். போன ஐப்பசியில் சேராப்பட்டுப் பக்கத்து அம்மா ஒருவரிடம், துணியைப் புதர்மேல் காயப்போடாதீர்கள், கொல்லையிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து உடுப்பை மாற்றுங்கள், தோகைமேல் படுக்காதீர்கள், ஒதுங்குவதற்குப் புதருக்குள் போகாதீர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "கொடி கட்டிக்கலாங்க. குளிக்கத் தண்ணிய நாங்க கீழேருந்து தூக்கிட்டு வரணும். கக்கூசு கட்டிக் குடுத்தாங்க, அதுக்கும் தண்ணி நாங்கதான் தூக்கணும். எத்தினி கொடம் தூக்குறது?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. தண்ணீர்க் குழாய் கேட்டு அவர்கள் எழுதிய மனுவுக்கு நானும் ஒரு நகல் எழுதிக் கொடுத்தேன். ஜொரம் வந்தால் அஞ்சு நாள் தாண்ட விடாமல் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள், எங்கே வேலை செய்தீர்கள், எதன்மேல் படுத்தீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள், கறுப்புப் பொருக்கு எங்காவது இருக்கிறதா என்று உடம்பைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள் என்றேன்.

"பொம்பள நர்சம்மா இருப்பாங்களா?"

"கேட்டா கூப்பிடுவாங்கம்மா."

"அவங்க இல்லாத நாளுல?"

"அன்னிக்கி வீட்டுலயே நீங்க ஒருத்தருக்கொருத்தர் பாத்துக்குங்க. அக்குளு, மாருக்குக் கீழ, இடுப்புக் கயிறு, தொடச்சந்து, முட்டிக்குப் பின்னால, காதுக்குப் பின்னால, கொழந்தைங்களுக்குத் தலமயிருக்குள்ள. இருந்துச்சின்னா எந்த எடத்துலன்னு டாக்டருக்கிட்ட வாயால சொன்னாலே போதும். இல்லன்னாலும் ஜொரம் அஞ்சு நாளு தாண்டுச்சின்னா வந்துடுங்க, பொருக்கு இல்லாமலும் இது வரும்."

அவர் பக்கத்தில் இருந்த மருமகளைக் கூப்பிட்டு, இன்னொரு தரம் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன்.